முக்குளிப்பு எடை: அளவு முதலில், இடம் அடுத்தது, பெல்ட்டும் பையும் கடைசியில்

மலேசியாவின் ஜொகூரில் உள்ள குளுவாங்கிலிருந்து மெர்சிங்கிற்குக் காரில் ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கிருந்து தியோமான் தீவுக்குப் படகு. இந்தச் சுலபத்தினால் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்போது முக்குளிப்புச் சான்றிதழ், அதாவது சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக் கடலுக்கடியில் நீந்தும் சான்றிதழ், வைத்திருக்கிறார்கள். நீருக்குள் அவர்களோடு போகும்போது ஒரே கோளாறைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மிதக்காமல் இறங்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயம் தேவைக்கு மேல், அதுவும் தவறான இடத்தில்.

இதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று, வரிசைக் குழப்பம். பலரும் முதலில் எந்தப் பெல்ட் நல்லது, எந்தப் பை நல்லது என்று கேட்டு வாங்குகிறார்கள். பிறகு அதில் எவ்வளவு ஈயம் போடலாம் என்று யோசிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். எவ்வளவு எடை என்பது முதல் கேள்வி. அது உடலில் எங்கே இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. அதை எதில் கட்டுவது என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் மூன்றாவது கேள்விக்கு உங்கள் உடம்பே பதில் சொல்லிவிடும்.

அடிப்படைச் சான்றிதழ் பெற்று, வெப்பக் கடலில் 3 மில்லிமீட்டர் வெட்சூட்டோடு (உடலை ஒட்டி அணியும் ரப்பர் நுரை உடை) முக்குளிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்னும் பயிற்சியில் இருப்பவர்கள் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்து பாருங்கள்.

1. தொடங்கும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

நீங்கள் வழக்கமாக அணியும் அதே வெட்சூட். இரவல் சூட்டில் கண்டுபிடித்த எடை உங்கள் சூட்டுக்குப் பொருந்தாது. சூட்டின் ரப்பர் நுரையில் அடைபட்ட காற்றுக் குமிழிகள்தாம் உங்களை மிதக்க வைக்கின்றன. புது சூட்டில் அவை முழுதாக இருக்கும், பழைய சூட்டில் நசுங்கிப்போயிருக்கும்.

அரைக் கிலோ, ஒரு கிலோ ஈயக்கட்டிகள் சில. இரண்டு கிலோக் கட்டிகள் மட்டும் இருந்தால் நுணுக்கமாகச் சரிசெய்ய வழியில்லை.

சமையலறைத் தராசு ஒன்று. வாடகைக் கடைகளின் கட்டிகள் சிலவற்றில் எண் அழிந்திருக்கும். சில பவுண்டில் வார்க்கப்பட்டவை. 4 பவுண்டு கட்டி 1.8 கிலோதான். நாலைந்து கட்டிகளில் இந்த வித்தியாசம் சேர்ந்தால் ஒரு கிலோவரை கணக்குத் தப்பும்.

நம்பகமான கூட்டாளி ஒருவர். சோதனையின் போது ஈயக்கட்டியைக் கொடுக்கவும் வாங்கவும் இன்னொரு கை வேண்டும்.

ஈயக்கட்டியை வீட்டில் வார்க்க வேண்டாம். தூண்டிலுக்கு ஈயம் உருக்கிப் பழகியவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் புகையும் தூசியும் உடலில் சேரும் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் மோசம். உருகிய ஈயத்தில் ஈரம் பட்டால் தெறிக்கும். தீவுக் கடைகளில் ஈயம் பெரும்பாலும் முக்குளிப்புக் கட்டணத்திலேயே அடங்கிவிடும், சுமந்துகொண்டு போகவும் வேண்டியதில்லை. வெறும் ஈயக்கட்டியைத் தொட்ட கையைக் கழுவாமல் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

2. ஒரு தொடக்கக் கணக்கு

3 மில்லிமீட்டர் முழு சூட், கடல் நீர் என்றால் உடல் எடையில் சுமார் 5 சதவீதம் என்று தொடங்குங்கள். அலுமினிய சிலிண்டர் என்றால் அதோடு ஒன்று முதல் இரண்டு கிலோ. 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரையும் ஒன்றரையும் சேர்த்து 5 கிலோ.

இது சோதனையைத் தொடங்குவதற்கான எண். இதையே இறுதி எண்ணாக வைத்துக்கொள்வது தவறு. கொழுப்பு மிதக்கும், தசை மூழ்கும். ஆகவே ஒரே 70 கிலோவில் ஒல்லியான உழைப்பாளியும் உட்கார்ந்து வேலை பார்ப்பவரும் ஒரே ஈயத்தில் சமநிலை பெறமாட்டார்கள். நண்பர் 6 கிலோ போடுகிறார் என்பதற்காக நீங்களும் 6 கிலோ போடுவதில் பொருளில்லை.

அலுமினிய சிலிண்டருக்கு ஏன் தனியாகச் சேர்க்கிறோம்? நம் பகுதியில் வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் நிறைந்திருக்கும்போது கடலில் லேசாக மூழ்கும். காற்று வற்ற வற்ற மிதக்கத் தொடங்கி, முழுதும் காலியானால் 2 கிலோ அளவுக்கு உங்களை மேலே தூக்கும். காற்றுக்கும் எடை உண்டு. 200 பாரில் (பார் என்பது சிலிண்டர் காற்றின் அழுத்த அளவு) தொடங்கி 50 பாரில் முடிக்கும்போது ஏறக்குறைய 2 கிலோ காற்றை மூச்சாக விட்டிருப்பீர்கள். இந்த ஓர் உண்மையை மனதில் நிறுத்துங்கள். இனி வரும் எல்லாச் சோதனைகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. முக்குளிப்பின் தொடக்கத்தில் சரியாக இருக்கும் எடை, முடிவில் 2 கிலோ குறைவாகிவிடும்.

3. முதல் சோதனை நீச்சல் குளத்தில்

வடகிழக்குப் பருவமழையில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கிழக்குக் கரைத் தீவுகளில் முக்குளிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். இந்தச் சோதனைக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. சீசன் திறந்த பிறகு, படகில் பத்துப் பேர் காத்திருக்கும்போது, நிதானமாகச் சோதித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

தோட்டத்துக் குட்டையிலும் ஆற்றிலும் செய்யாதீர்கள். கலங்கிய நீரில் கூட்டாளி கண்ணுக்குத் தெரியமாட்டார். எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. அனுமதி பெற்று, ஆழமுள்ள நீச்சல் குளத்தில் செய்யுங்கள்.

முழு உடையோடு, கால் எட்டாத இடத்தில் செங்குத்தாக நில்லுங்கள். பி.சி.டி. என்று எல்லோரும் சொல்லும் மிதவைச் சட்டையில் உள்ள காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து நிறுத்துங்கள். கை, கால் எதையும் அசைக்க வேண்டாம்.

நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல உள்ளே இறங்க வேண்டும். தலை முழுதும் வெளியே நின்றால் ஈயம் போதவில்லை. மூச்சு நிறைந்திருக்கும்போதே இறங்கினால் ஈயம் அதிகம். ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ, பிறகு அரைக் கிலோ என்று மாற்றிப் பாருங்கள்.

மூச்சை நிறுத்துவது நீர்மட்டத்தில் செய்யும் இந்தச் சோதனைக்கு மட்டும். சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நீருக்கடியில் இருக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. அடக்கியபடி மேலேறினால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சோதித்தால், கிடைத்த எண்ணோடு 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். 50 பார் மீதமுள்ள சிலிண்டரோடு சோதித்தால் சேர்க்க வேண்டியதில்லை. முடிந்தவரை இரண்டாவது வழியில் செய்யுங்கள், கணக்குக்கே இடமில்லாமல் போகும்.

4. குளத்து எண்ணைக் கடலுக்கு மாற்றுதல்

கடல் நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. உங்கள் உடல், சிலிண்டர், சூட், ஈயம் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டு, அதில் 2.5 சதவீதம் எடுங்கள்.

70 கிலோ ஆள், 27 கிலோ சாமான் என்றால் மொத்தம் 97. அதில் 2.5 சதவீதம் ஏறத்தாழ 2.4 கிலோ. குளத்தில் 3 கிலோவில் சமநிலை வந்தவர் கடலில் ஐந்தரைக்கு அருகில் தொடங்கலாம்.

புதியவர்கள் பலர் இங்கே உடல் எடைக்கு மட்டும் கணக்குப் போடுகிறார்கள். உப்பு நீர் சிலிண்டரையும் சூட்டையும் சேர்த்துத்தான் தூக்குகிறது. அதனால்தான் அந்தக் கணக்கில் அரைக் கிலோவுக்கு மேல் குறைந்துவிடுகிறது.

5. இறங்க முடியவில்லையா? ஈயம் கேட்கும் முன் நில்லுங்கள்

ஈயம் கூடிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாளின் முதல் முக்குளிப்பு. எல்லோரும் இறங்கிவிட்டார்கள், ஒருவர் மட்டும் மேலே மிதக்கிறார். படகில் இருப்பவர் இன்னும் 2 கிலோ நீட்டுகிறார். அவர் கல்லைப்போல் இறங்குகிறார். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த 2 கிலோ அன்றிலிருந்து அவருடைய வழக்கமாகிவிடுகிறது.

அவரை நீருக்கு அடியிலிருந்து பார்த்தால் வேறு கதை தெரியும். கால்கள் ஓயாமல் உதைத்துக்கொண்டிருக்கும். செங்குத்தாக நின்று உதைத்தால் உடல் மேலேதான் போகும். அவருக்கோ தாம் உதைப்பதே தெரியாது. கணுக்கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொள்ளச் சொல்லுங்கள். பலருக்கு அது ஒன்றே போதும், இறங்கிவிடுவார்கள்.

அடுத்தது மூச்சு. பதற்றத்தில் நெஞ்சு நிறைய இழுத்து, பாதியளவே வெளியே விடுகிறோம். நுரையீரலில் தங்கும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஒரு கிலோ ஈயத்தின் வேலையைக் கெடுக்கும். இரண்டு லிட்டர் கூடுதலாக வைத்துக்கொண்டு இரண்டு கிலோ ஈயம் கேட்பதுதான் இங்கே நடப்பது. ஊதுபத்தியை அணைப்பதுபோல வெடுக்கென்று விடாமல், நீளமாக, கடைசிவரை விடுங்கள். தலை நீருக்குள் போன பிறகும் உடனே இழுத்துவிடாதீர்கள். ஒரு கணம் பொறுத்து இழுங்கள்.

மூன்றாவது, அடைபட்ட காற்று. காய்ந்த சூட்டுக்கும் தோலுக்கும் நடுவில், பி.சி.டி.யின் மடிப்புகளில் காற்று ஒளிந்திருக்கும். நீரில் இறங்கியதும் சூட்டின் கழுத்தை விரலால் சற்று இழுத்து நீர் புக விடுங்கள். பி.சி.டி.யின் இடக்குழாயைத் தலைக்கு மேல் உயர்த்தி, இடது தோளைத் தூக்கி, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து பொத்தானை அழுத்துங்கள். காற்று எப்போதும் உயர்ந்த இடத்தில்தான் நிற்கும். குழாயின் வாய் அந்த இடத்தில் இல்லையென்றால் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அது வெளியேறாது.

இந்த மூன்றையும் செய்த பிறகும் மிதந்தால் ஒரு கிலோ சேருங்கள்.

கூடுதல் ஈயம் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்கள் உண்டு. நிறையக் கெடும். அந்த எடையைத் தாங்க பி.சி.டி.யில் காற்று நிரப்ப வேண்டும். அந்தக் காற்று ஆழம் மாறும்போதெல்லாம் சுருங்கும், விரியும். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கிருந்து மேலே வந்தால் காற்றின் கன அளவும் இரு மடங்காகும். அந்தக் குமிழி எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆட்டம். இடுப்பு கீழே இழுக்க, மார்பில் காற்றுத் தூக்க, உடல் சாய்ந்து, காலில் அணிந்த ஃபின் பவளத்தை உடைக்கும். நீரைத் தள்ளும் உழைப்பு கூடி, காற்றும் சீக்கிரம் தீரும்.

6. இறுதித் தீர்ப்பு: 5 மீட்டரில், 50 பாரில்

குளமும் கணக்கும் சொன்னதைக் கடல் உறுதிசெய்ய வேண்டும். முதல் நாள் அமைதியான, ஆழம் குறைந்த இடமாகப் பாருங்கள். தியோமானில் ரெங்கிஸ் தீவுப் பக்கம் இதற்கு ஏற்றது. நீரோட்டம் உள்ள இடத்தில் எடையைச் சோதிப்பதில் பயனில்லை. எது எடையால் வந்தது, எது ஓட்டத்தால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

முக்குளிப்பை முடித்து, மேலேறும் முன் 5 மீட்டரில் சற்று நேரம் தங்கும் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு வாருங்கள். படகுக் கயிறோ நங்கூரக் கயிறோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிலிண்டரில் 50 பார் அளவில் இருக்க வேண்டும். மூன்று நிமிட நிறுத்தத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

பிறகு பி.சி.டி.யை முழுதாகக் காலி செய்து, படுத்த நிலையில், இயல்பாக மூச்சு விடுங்கள். உதைக்காதீர்கள். அந்த ஆழத்திலேயே நிற்கிறீர்களா? மூச்சை இழுக்கும்போது ஒரு சாண் ஏறி, விடும்போது ஒரு சாண் இறங்கினால் உங்கள் எண் சரி.

இறங்கிக்கொண்டே போனால் ஒரு கிலோவைக் கூட்டாளியிடம் கொடுங்கள். மறுபடி பாருங்கள். இன்னும் இறங்கினால் இன்னொன்று. மேலே இழுத்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டாளியிடமிருந்து ஒரு கிலோ வாங்குங்கள்.

ஏன் இந்த ஆழத்தில், இந்த அழுத்தத்தில்? உங்கள் மிதவை மிக அதிகமாக இருப்பது இப்போதுதான். சிலிண்டர் இலேசாகிவிட்டது, சூட் மறுபடி உப்பிவிட்டது. இந்த நேரத்தில் நிற்க முடிந்தால் முக்குளிப்பின் எந்தக் கட்டத்திலும் எடை போதாமல் போகாது. தொடக்கத்தில் 2 கிலோ கூடுதலாக இருக்கும், அது காற்றின் எடை. அதை பி.சி.டி.யில் சிறிதளவு காற்றால் சமாளித்துக்கொள்ளலாம்.

7. எண் கிடைத்துவிட்டது, இனி இடம்

அதே 5 கிலோ இடுப்பில் இருந்தால் ஓர் உடல் நிலை, முதுகின் மேற்பகுதியில் இருந்தால் வேறு நிலை. நீருக்குள் உடல் தரைக்கு இணையாகக் கிடக்க வேண்டும். அப்போதுதான் உதைக்கும் விசை முன்னே தள்ளும். கால் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு உதையும் உங்களை மேலே தூக்கும், நீங்கள் பி.சி.டி. காற்றை விட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

சோதனை எளிது. மணல் தரைக்கு ஒரு மீட்டர் மேலே, கைகளை முன்னே வைத்து, முழங்காலை மடக்கி, அசையாமல் பத்து விநாடி கிடந்து பாருங்கள். கால் தாழ்ந்தால் ஈயத்தைத் தலைப்பக்கம் நகர்த்துங்கள். தலை தாழ்ந்தால் இடுப்புப்பக்கம். கூட்டாளியை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நேராகக் கிடப்பதாக நாம் நினைக்கும் நிலைக்கும் உண்மைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஆற்றில் நீந்தப் பழகியவர்கள் தலையைத் தூக்கியே நீந்துவார்கள். அந்தப் பழக்கம் நீருக்கடியிலும் வரும். தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழும். ஈயத்தை நகர்த்தும் முன் முகவாயைச் சற்றுத் தாழ்த்திப் பாருங்கள்.

மேலே நகர்த்த எளிய வழி, சிலிண்டரைக் கட்டும் பட்டையில் கோத்துக்கொள்ளும் சிறு பைகள். பக்கத்துக்கு ஒரு கிலோ போட்டாலே வித்தியாசம் தெரியும். கணுக்காலில் கட்டும் எடையை நம் கடலில் நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒவ்வொரு உதைக்கும் அந்த எடையை ஆட்ட வேண்டும், தொடை சீக்கிரம் களைத்துவிடும்.

8. எதில் கட்டுவது

நைலான் பெல்ட்: விலை மலிவு, எங்கும் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் சட்டென்று கழற்றிவிடலாம். இடுப்பெலும்பு அகன்று, வயிறு ஒட்டியிருப்பவர்களுக்கு நன்றாக உட்காரும். 4, 5 கிலோவரை வசதி. குறை என்னவென்றால் ஆழத்தில் சூட் நசுங்கும்போது பெல்ட் தளர்ந்து சுழலும். தளர்ந்ததும் முகம் கீழே பார்க்கக் கிடந்து இறுக்குங்கள். முதுகே எடையைத் தாங்குவதால் பெல்ட் நழுவாது.

கட்டிகளை இரு இடுப்புப் பக்கங்களிலும் சமமாக வையுங்கள். முதுகெலும்பின்மேல் வைத்தால் சிலிண்டரின் அடி அதில் இடித்துக்கொண்டே இருக்கும். கட்டி நகராமலிருக்கத் தடுப்புக் கிளிப் போடுங்கள், அல்லது கட்டியின் ஒரு துளையில் நுழைத்த பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கி மறு துளையில் வாங்குங்கள். பக்கிளுக்கு வெளியே ஒரு சாண் நீளம் மீதி இருந்தால் போதும். அதற்கு மேல் தொங்கினால் எதிலாவது சிக்கும். பெல்ட்டைத் தூக்கும்போது பக்கிள் இல்லாத முனையைப் பிடியுங்கள். பக்கிள் முனையைப் பிடித்தால் கட்டிகள் மறுமுனை வழியாக வழுக்கி யாருடைய கால்விரலிலாவது விழும்.

ரப்பர் பெல்ட்: நான் முதலில் சொல்வது இதைத்தான். மூச்சடக்கி முக்குளிப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது. இழுத்துக் கட்டினால் சூட் நசுங்கும்போது தானும் சுருங்கி உடலோடு ஒட்டிக்கொள்ளும், இடையில் இறுக்க வேண்டிய வேலை இல்லை. இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே கட்டினால் வயிற்றை அழுத்தாது, மூச்சுக்கும் தடையில்லை. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பரின் பலவீனம் தெரியும். வெயிலும் எண்ணெயும் அதற்கு ஆகாது. கழுவி நிழலில் காய வையுங்கள். ஓரத்தில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

பி.சி.டி.யோடு சேர்ந்த எடைப் பைகள்: இடுப்பு வலி உள்ளவர்களுக்கும் பெல்ட் நிற்காத உடல்வாகு உள்ளவர்களுக்கும் நீருக்குள் இது பெரிய நிம்மதி. கரையில் நிலைமை வேறு. சிலிண்டரோடு சேர்ந்து அத்தனையும் முதுகிலும் முழங்காலிலும் ஏறும். ஆகவே பைகளைக் கடைசியில் பொருத்துங்கள், மேலேறும் முன் முதலில் கழற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு பையும் தாங்கும் எடை அளவைப் பார்த்து, அதற்குள் நில்லுங்கள். பொருத்தியதும் இரு பைகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். வாடகைச் சட்டைகளில் ஒட்டுப்பட்டை தேய்ந்திருக்கும். ஆழத்தில் ஒரு பை விழுந்தால் 3 கிலோ ஒரே நொடியில் போய்விடும், உங்களை மேலே இழுத்துக்கொண்டு போகும்.

தோள்பட்டை எடை வார்: பெல்ட்டின் சுமையைத் தோளில் தாங்குவது. வயிறு பெரியவர்களுக்கும் இடுப்பு ஒடுங்கியவர்களுக்கும் பொருந்தும். தீவுக் கடைகளில் வாடகைக்குக் கிடைப்பது அரிது, சொந்தமாக வாங்க வேண்டியிருக்கும்.

எஃகு முதுகுத்தகடு: சிலிண்டரைத் தாங்க முதுகில் கட்டுவது. தகடே 2 முதல் 3 கிலோ. எடை முதுகு நெடுகப் பரவுவதால் உடல் நேராகக் கிடக்கும். ஆனால் அவசரத்தில் கழற்றிப் போட முடியாது. தகட்டின் எடையை உங்கள் எண்ணிலிருந்து கழித்து, மீதியைக் கழற்றக்கூடிய இடத்தில் வையுங்கள். ஒருசில முக்குளிப்புகள்கூட முடிக்காதவர்கள் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இந்தத் தெரிவு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். காஹாங் பக்கத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர். நாள் முழுவதும் நீண்ட கழியைத் தூக்கி அண்ணாந்து வெட்டும் வேலை, கீழ் முதுகில் தீராத வலி. “தம்பி, பெல்ட்டை இறுக்கினால் முதுகு தாங்கவில்லை. தளர்த்தினால் தொடைக்கு வழுக்குகிறது” என்றார். அவருடைய எண் 5 கிலோ என்று ஏற்கெனவே சோதித்து வைத்திருந்தோம். 2 கிலோவைச் சிலிண்டர்ப் பட்டையில் பக்கத்துக்கு ஒன்றாக ஏற்றினோம். மீதி 3 கிலோவைத் தட்டையான சிறு கட்டிகளாக ரப்பர் பெல்ட்டில் போட்டு, முதுகுப் பக்கம் எதுவும் வராமல் இடுப்பெலும்பின் மீது உட்கார வைத்தோம். நீருக்குள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வது நின்றது. தாழ்ந்திருந்த காலும் தானாக உயர்ந்தது. அவசரத்தில் கழற்றிப் போட 3 கிலோ கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது. புதிதாக வாங்கியது பெல்ட்டும் இரண்டு சிறு பைகளும்தான். முதுகு வலி உள்ளவர்கள் இதற்கெல்லாம் முன்பே மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும், அவரும் காட்டியிருந்தார்.

9. கழற்றும் ஒத்திகை

எவ்வளவு வசதியாக இருந்தாலும் ஒரு கையால் கழற்ற முடியாத எடை எனக்கு ஏற்புடையதன்று. முக்குளிப்பு விபத்துகளில் இறந்தவர்கள் பலர் ஈயத்தைக் கழற்றாமலே கண்டெடுக்கப்பட்டிருக்கிறார்கள். பதற்றத்தில் மூளை தேடாது, பழகிய கைதான் செய்யும்.

குளத்தில் கூட்டாளியை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வலது கையால் பக்கிளைத் திறந்து, பெல்ட்டை உடலிலிருந்து விலக்கிப் பிடித்து, பிறகு விடுங்கள். நேராகக் கீழே விட்டால் கத்தியுறையிலோ கால் வாரிலோ மாட்டிக்கொள்ளும். தரை ஓடு உடையாமலிருக்க அடியில் கூட்டாளி வாங்கிக்கொள்ளட்டும். பைகள் என்றால் இரு கைப்பிடிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பழகுங்கள்.

அணியும் வரிசையும் இதில் சேரும். கால்களுக்கு நடுவில் போகும் வார் உள்ள சட்டையானால் பெல்ட் அந்த வாருக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் பக்கிளைத் திறந்தும் பெல்ட் விழாது. பி.சி.டி.யின் அடிவிளிம்பு பக்கிளை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். இறங்கும் முன் உங்கள் பக்கிள் எங்கே என்று கூட்டாளி தொட்டுப் பார்க்கட்டும், அவருடையதை நீங்கள் தொட்டுப் பாருங்கள்.

ஈயத்தைக் கழற்றிப் போட வேண்டிய இடம் நீர்மட்டம். மேலே வந்து மிதக்க முடியாமல் திணறினால் தயங்காமல் போடுங்கள். சில நூறு ரிங்கிட்டுக்கு வாங்கிய பையே ஆனாலும் போகட்டும். ஆழத்தில் போட்டால் கட்டுப்பாடில்லாத வேகத்தில் மேலேறுவீர்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அது.

10. எழுதி வைப்பதும் மறுபடி சோதிப்பதும்

குறிப்பேட்டில் ஒரே வரி: எந்த சூட், எந்த சிலிண்டர், கடலா நன்னீரா, மொத்தம் எத்தனை கிலோ, எங்கெங்கே எவ்வளவு, முடிவில் எத்தனை பார். “5 கிலோ” என்று மட்டும் எழுதினால் அடுத்த சீசனில் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

புது சூட் வாங்கினால், உடல் எடை நாலைந்து கிலோ மாறினால், அலுமினியத்துக்குப் பதில் எஃகு சிலிண்டர் கிடைத்தால் மூன்றாவது படியிலிருந்து மறுபடி செய்யுங்கள். எஃகு சிலிண்டர்கள் பல காலியான பிறகும் மிதப்பதில்லை. அலுமினியத்துக்கென்று சேர்த்த ஈயத்தை அப்போது எடுத்துவிட வேண்டும். பழைய எண்ணையே வைத்துக்கொண்டு இறங்கினால் இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமப்பீர்கள்.

அந்த வரியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் எடை கேட்கும்போது உடல் எடையைச் சொல்லாமல் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.